நீல ஏட்டைக் கேட்டவர்கள்

பிள்ளை ஒன்று எதையோ எழுதுகிறது. எழுதியதை மடித்துப் பாடப் புத்தகத்தினுள் ஒளித்து வைத்துக்கொள்கிறது. யாரிடம் படித்துக் காட்டுவது என்று அதற்குத் தெரியவில்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்நிலை புதிதன்று. பள்ளித் தோழர்க்குத் தமிழ் தெரியாது, ஆசிரியர்க்கும் தெரியாது. வீட்டிலுள்ள பெரியவர்க்குத் தெரியும், ஆனால் அவர்க்குப் பொழுதில்லை. எழுதக் கற்பிக்கும் நூல்கள் பல உண்டு. பிறர் எழுதியதைக் கேட்கக் கற்பிக்கும் நூலை நாம் இதுவரை கண்டதில்லை. ஆயினும் நம்மவர் குடியேறிய மாநிலங்களுள் ஒன்றில், அந்தக் கேட்கும் பழக்கம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு உடையதாய் இருக்கின்றது. அது வங்காளம். அங்கே இளையோர் எழுதியதைப் பெரியோர் அமர்ந்து கேட்டனர். பெரியோர் தாம் எழுதியதை இளையோர்க்குப் படித்துக் காட்டினர். இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்த கதையை இங்கே சொல்ல முற்படுகின்றோம்.

கல்கத்தாவின் ஜோராசாங்கோப் பகுதியில் தாகூர் குடும்பத்தாரின் பெரிய மாளிகை இருக்கின்றது. 1861-ல் அங்கே பிறந்த ரவீந்திரநாதர், தம் இளமைக் காலத்தை 1912-ல் வெளியான ‘ஜீவன் ஸ்மிருதி’ என்னும் நூலில் எழுதி வைத்திருக்கிறார். பண்ணைக் கணக்குப் பார்க்கும் ஊழியர் ஒருவரிடமிருந்து நீலக் காகிதத்தால் ஆன ஏடு ஒன்றை அவர் பெறுகிறார். கோணல் மாணலாகத் தாமே கோடிட்டு, கொட்டை எழுத்தில் பாட்டெழுதத் தொடங்குகிறார். பாட்டு வந்ததும் கேட்பதற்கு ஆள் வேண்டுமல்லவா? தம்பியின் புலமையில் பெருமை கொண்ட தமையனார், வீட்டிற்கு வருவோர் போவோரையெல்லாம் பிடித்து நிறுத்திக் கேட்கச் செய்கிறார்.

அவ்வாறு ஒரு நாள் அகப்பட்டவர் ‘நேஷனல் பேப்பர்’ என்னும் இதழின் ஆசிரியர் நவகோபால மித்திரர். மாடிப்படியின் அடியிலேயே, தாமரையைப் பற்றிய பாட்டு உரத்த குரலில் படிக்கப்படுகிறது. வண்டிற்கு எல்லாரும் வழங்கும் ‘பிரமரம்’ என்ற சொல்லை விட்டு, எங்கோ தேடிப் பிடித்த ‘துவிரேபம்’ என்ற சொல்லைச் சிறுவர் அதிலே வைத்திருக்கிறார். பிரமரம் என்ற சொல்லில் ரகரம் இரண்டு வருவதால் வண்டிற்கு வடமொழியில் அப்பெயர். பாட்டு முழுவதிலும் அவருக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது அந்த ஒரு சொல்லே! நவகோபாலரோ புன்னகை செய்து, துவிரேபம் என்றால் என்னவென்று கேட்டுவிட்டார். இவருக்குக் கவிதை விளங்காது என்று சிறுவர் முடிவு கட்டினார்; அதன்பின் அவரிடம் ஒரு பாட்டும் படித்துக் காட்டவில்லை. முதுமையில் இதை எழுதும்போது ரவீந்திரர் தம்மையே நகையாடிக்கொள்கிறார். நமக்கோ நவகோபாலர்பாலும் சிறிது இரக்கம் பிறக்கிறது. படியேற வந்தவரை மறித்து நிறுத்தினால், அவர் வேறென்ன கேட்பார்?

பள்ளியில் நேர்ந்தது இதனினும் கடுமையானது. நார்மல் பள்ளியின் கண்காணிப்பாளர் கோவிந்த பாபுவைக் கண்டால் மாணவர் யாவரும் நடுங்குவர். அவர் ஒரு நாள் ரவீந்திரரை அழைத்து, உயர்ந்த நீதி ஒன்றைப் பற்றிச் செய்யுள் எழுதி வருமாறு ஆணையிட்டார். மறுநாள் மேல் வகுப்பு மாணவர் முன்னிலையில் அவரை நிறுத்திப் படிக்கச் செய்தார். இளம் எழுத்தாளர் ஒருவர் அவையிலே தம் எழுத்தைப் படித்த அந்நிகழ்ச்சியின் பயன் என்ன? இஃது இவன் எழுதியதன்று என்று அவையோர் அனைவரும் உறுதி கொண்டனர். எந்த நூலிலிருந்து திருடினானோ அந்த நூலையே கொண்டுவந்து காட்ட இயலும் என்றான் ஒருவன். கொண்டு வா என்று யாரும் அவனை வற்புறுத்தவில்லை; நம்ப விரும்புவோர்க்குச் சான்று எதற்கு? நீதியை வளர்க்க எழுந்த செய்யுள் பொறாமையை வளர்த்து ஓய்ந்தது. அது விரைவிலேயே தொலைந்து போனதுதான் அதனிடமிருந்த ஒரே நற்பண்பு என்ற கருத்துப்பட ரவீந்திரர் எழுதுகிறார்.

இவ்விருவர்க்கும் மாறாக மூன்றாமவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஸ்ரீகண்ட சிங்கர். வழுக்கைத் தலை, பல்லில்லா வாய், கையிலே எப்போதும் ஒரு சிதார். அவர் கேட்ட பாட்டெல்லாம் அவருக்கு நன்றாகவே இருந்தது. குறை கூறத் தெரியாதவர் கேட்டு என்ன பயன் என்று சிலர் நினைக்கக் கூடும். பத்து வயதில் எழுதுகிறவனுக்கு முதலில் வேண்டியவர் அத்தகையவரே என்பது நம் கருத்து. உலகத் துன்பங்களையெல்லாம் அடுக்கிச் சிறுவர் இயற்றிய பக்திப் பாடல் ஒன்றை, அவர் பேருவகையோடு தந்தை தேவேந்திரநாதரிடம் எடுத்துச் சென்றார். கடைக்குட்டி மகனை உலகத் துன்பம் இத்துணை விரைவில் வாட்டத் தொடங்கியதை அறிந்து தந்தை வாய்விட்டுச் சிரித்தாராம். ஆண்டுகள் பல சென்றபின், வளர்ந்துவிட்ட மகன் தாம் இயற்றிய பக்திப் பாடல்களைத் தந்தை முன் பாடினார். நாட்டை ஆளும் அரசனுக்கு நம் மொழி தெரிந்திருந்தால் அவனே பரிசளித்திருப்பான், அது நடவாது ஆகையால் நானே அளிக்க வேண்டும் என்று கூறி, தந்தை 500 ரூபாய்க்குக் காசோலை ஒன்றைக் கையில் கொடுத்தார். முன்பு சிரித்தவரும் இவரே.

கேட்க ஆளின்றித் தவித்தவரும் கேட்பவரால் தழைத்தவரும் ஒருவரே ஆனமையால், பிறர் பிள்ளைகளிடம் அவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பது ஆராயத்தக்கது. 1885-ல் அவர் அண்ணியார் ஞானதானந்தினி தேவி ‘பாலக்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். இவர் இந்திய சிவில் சர்வீசில் சேர்ந்த முதல் இந்தியரான சத்தியேந்திரநாதரின் மனைவியார். வீட்டிலுள்ள சுதீந்திரன், பலேந்திரன் முதலிய இளைஞர்கள் தாம் எழுதுவதை வெளியிட ஓர் இடம் வேண்டும் என்பதே அவரது நோக்கம். ஆனால் இளைஞர் எழுத்தை மட்டும் கொண்டு இதழை நடத்த இயலாது என்பதையும் அவ்வம்மையார் உணர்ந்திருந்தார். ஆகவே இருபத்து நான்கு வயதினரான மைத்துனரையும் எழுதச் செய்தார்.

அவ்விதழுக்குக் கதை தேட வேண்டிய கட்டாயத்தில்தான் ரவீந்திரருக்கு அந்தப் புகழ்பெற்ற கனவு வந்தது. தேவகர் என்னும் ஊரிலிருந்து இரயிலில் திரும்புகிறார், தலைக்கு மேலே விளக்கு எரிகிறது, உறக்கம் வரவில்லை. ‘பாலக்’கிற்கு ஒரு கதை எண்ணுவோம் என்று முயல்கிறார், கதை வராமல் உறக்கம் வந்துவிடுகிறது. கனவிலே ஒரு கோயிற்படி. அதன்மேல் பலியின் குருதி. ஒரு சிறு பெண் தன் தந்தையிடம் இது என்ன, ஏன் இவ்வளவு குருதி என்று கலங்கிக் கேட்கிறாள். அக்கனவோடு திரிபுரா மன்னன் கோவிந்தமாணிக்கியனின் வரலாற்றையும் சேர்த்து ‘ராஜரிஷி’ என்ற தொடர்கதையை எழுதினார். பின்பு அதுவே 1890-ல் ‘விசர்ஜன்’ என்னும் நாடகமாயிற்று. இதழ் ஓராண்டே தனித்து வாழ்ந்து ‘பாரதி’ என்னும் பெரிய இதழோடு இணைந்துவிட்டது. யாரை முன்னிட்டு அது பிறந்ததோ அந்தப் பலேந்திரநாதர் வங்க உரைநடையில் தனியிடம் பெற்றார். முப்பது வயது நிரம்புமுன் 1899-ல் மறைந்தார்.

அதே வீட்டில் அவனீந்திரநாதர் என்ற மற்றோர் இளைஞர் இருந்தார். இந்திய ஓவியத்திற்குப் புதுவழி கண்ட அவரை ஓவியராகவே உலகம் அறியும். குழந்தைகளைச் சுற்றி அமர்த்திக் கதை சொல்வதில் அவர் வல்லவர், எழுதுவதற்கோ அஞ்சினார். சொல்கிறபடியே எழுது, தவறிருந்தால் திருத்த நான் இருக்கிறேன் என்று சிற்றப்பனார் முறையுள்ள ரவீந்திரர் ஊக்கினார். அவ்வாறு எழுதிய ‘சகுந்தலா’ 1895-ல் வெளிவந்தது. கைப்படியைத் திருத்த எடுத்த ரவீந்திரர், குட்டை நீரைக் குறிக்க இடப்பட்டிருந்த ‘பல்வலம்’ என்ற ஒரே ஒரு வடசொல்லின்மேல் கோடிடப் போனாராம். பின்பு இருக்கட்டும் என்று அதையும் விட்டுவிட்டாராம். துவிரேபத்தைப் பெற்றவர் பல்வலத்தை வெட்ட எவ்வாறு மனம் கொள்வார்!

1901-ல் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கியபின், மாளிகைக்குள் இருந்த வழக்கம் மரத்தடிக்கு வந்தது. பணமும் ஓய்வும் உடைய பெருங்குடும்பத்தில் நிகழ்ந்ததைப் பிறர்க்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது பொருந்துமா என்ற ஐயம் இதுவரை கேட்டவர்க்கு எழுந்திருக்கும். அது நியாயமான ஐயமே. பள்ளியின் தொடக்க நாட்களில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் வசதி மிகக் குறைவு. சதீசசந்திர ராய் என்ற இளைஞர் இருபது வயதளவில் அங்கே ஆசிரியராக வந்தார்; தாமும் கவிஞர். சால மரங்களிடையே மாணவரோடு உலவியபடி, சேக்ஸ்பியரையும் பிரௌனிங்கையும் வங்க மொழியில் விளக்கிச் சொல்வார். பிரௌனிங் என்ற ஆங்கிலக் கவிஞர் கற்றுத் தேர்ந்தவர்க்கே கடினமானவர். சிறுவர்க்கு இது விளங்குமோ என்று சதீசர் ஒருபோதும் ஐயுற்றதில்லை என ரவீந்திரர் பின்பு தம் பள்ளியைப் பற்றிய பேருரையில் நினைவுகூர்கிறார். உதங்கர் கதையை வைத்துச் சதீசர் ‘குருதட்சிணை’ என்ற நூலை எழுதினார். 1904-ல் பெரியம்மை கண்டு ஆசிரமத்திலேயே இறந்துபோனார்.

இன்ன வயதினர்க்கு இன்னதே விளங்கும் என்று அளந்து வைப்பதை ரவீந்திரரும் விரும்பவில்லை. புதிதாக எழுதிய நாடகத்தையும் பாடலையும் ஆசிரியரோடு மாணவரையும் சேர்த்து அமர்த்திப் படித்துக் காட்டுவார். 1908-ல் எழுதிய ‘சாரதோத்சவம்’ மாணவர் நடிப்பதற்கென்றே எழுந்தது. இதன் மறுபக்கமாக அமைந்தது சாகித்திய சபை. மாணவர் தரையில் கூடி அமர்ந்து, தாம் எழுதிய கதையையும் கவிதையையும் கட்டுரையையும் தாமே எழுந்து படிப்பர். ஆசிரியர் ஒருவர் தலைமை தாங்குவார். சில நாட்களில் தலைமை இருக்கையில் ரவீந்திரரே இருப்பார். கையெழுத்துப் பத்திரிகைகளும் நடந்தன. கோவிந்த பாபுவின் வகுப்பிற்கும் இச்சபைக்கும் உள்ள வேறுபாடு எளிதாகப் புலப்படும். அங்கே ஒருவன் மட்டும் எழுதினான், மற்றவர் குற்றம் காண நின்றனர். இங்கே கேட்பவன் அடுத்த முறை தானும் எழுந்து படிக்க வேண்டியவன். ஆகவே அவன் கேட்கும் முறையே வேறாகிவிடும். நூலை அவையில் படித்து ஒப்புதல் பெறும் வழக்கத்திற்கு ‘அரங்கேற்றம்’ என்று அழகிய பெயரிட்டவர் நம் முன்னோர். நாம் அச்சொல்லை நாட்டியத்திற்கே பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிட்டோம்.

அந்தத் தரையில் அமர்ந்தோருள் பிரமதநாத பிசி சிறுவனாக வந்து, பதினேழு ஆண்டு தங்கி, எழுத்தாளராகவே வெளியேறியவர். சையத் முஜ்தபா அலியின் கதை இன்னும் சுவையானது. 1919-ல் ரவீந்திரர் சில்ஹட் நகருக்குச் சென்று, மாணவர் கூட்டத்தில் உயர்ந்த அவாவைப் பற்றிப் பேசினார். கூட்டத்திலிருந்த பதினைந்து வயது மாணவன் ஒருவன், அவாவை உயர்த்திக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று அவர்க்குக் கடிதம் எழுதிவிட்டான். சில நாட்களில் விடையும் வந்தது. 1921-ல் அம்மாணவர் சாந்திநிகேதனத்திற்கே படிக்க வந்துவிட்டார். காபூல் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய ‘தேசே பிதேசே’யைப் படித்துச் சிரிக்காத வங்காளி இரார். முதுமையின் இறுதியில், 1940-ல், ஆசிரியர் ஒருவர் வேண்டியபடி இளையோர்க்கென்றே ‘சேலேபேலா’ என்னும் பிள்ளைப்பருவ நூலை ரவீந்திரர் எழுதினார். சாந்திநிகேதனத்தில் சில காலம் பயின்ற மகாசுவேதா தேவி, பள்ளி மாணவியாக இருந்தபோது அந்நூலைப் பற்றி எழுதிய கட்டுரை ‘ரங்மஷால்’ என்ற இதழில் வெளிவந்தது. அச்சில் வந்த அவருடைய முதல் எழுத்து அதுவே.

இனிச் ‘சந்தேஷ்’. வங்க மொழியில் இச்சொல் செய்தியையும் குறிக்கும், இனிப்புப் பண்டத்தையும் குறிக்கும். கொல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு இரண்டாவது பொருளை விளக்க வேண்டுவதில்லை. அப்பெயரில் உபேந்திரகிசோர் ராய் சௌதுரி 1913-ல் இளையோர் இதழ் ஒன்றைத் தொடங்கினார். 1915-ல் அவர் மறைந்தபின் மகன் சுகுமார் ராய் நடத்தினார். சுகுமாரும் இளமையில் ஒரு நகைச்சுவைக் கழகம் அமைத்து, தோழர்க்குள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தி வளர்ந்தவரே.

உபேந்திரகிசோரின் தம்பி மகள் லீலா. 1908-ல் பிறந்த இப்பெண், வங்கச் சமவெளியை விட்டுத் தொலைவிலுள்ள ஷில்லாங் மலையூரில் வளர்ந்தார். படித்தது கிறித்தவக் கன்னியர் நடத்திய ஆங்கிலப் பள்ளி. பள்ளியில் ஓர் மொழி, சந்தையில் ஓர் மொழி, வீட்டில் மட்டும் வங்காளம் என்ற நிலையை வெளிமாநிலத் தமிழர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. வங்காளிகளும் தம்முள் இவ்வாறு வாழ்வோரைப் ‘பிரவாசி’ என்பர். 1901-ல் இராமானந்த சட்டர்ஜி அலகாபாத்திலிருந்து தொடங்கிய புகழ்பெற்ற இதழுக்கு அதுவே பெயர். 1919-ல் லீலாவின் குடும்பம் கல்கத்தாவிற்கு வந்தது. அப்போது பதினோரு வயது. சுகுமார் பெரியப்பா மகன். அந்த அண்ணன் கேட்டுக்கொள்ள, லீலா தம் முதற்கதையை எழுதினார். அது 1922-ல் ‘சந்தேஷ்’ இதழில் வெளிவந்தது. எழுதியவர்க்கு வயது பதினான்கு. சுகுமார் அப்போது காலா அசார் என்னும் கொடுங்காய்ச்சலில் படுத்திருந்தார். மறு ஆண்டு செப்டம்பரில், முப்பத்தாறு வயது நிறையுமுன், உயிர் நீத்தார். படுக்கையிலிருந்தவர் ஒரு சிறுமியிடம் கதை கேட்டு வாங்கினார் என்பதை நாம் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. சில ஆண்டில் இதழும் நின்றது.

இடைக்காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். 1920-ல் ‘மௌசாக்’ தோன்றியது. விபூதிபூஷணரின் ‘சாந்தேர் பகாட்’ முதலில் அதிலேதான் தொடராக வந்தது. 1927-ல் கல்கத்தா வானொலி நிலையம் திறக்கப்பட்டது. அங்கு எழுந்த ‘கல்ப தாதுர் ஆசர்’, அதாவது கதைத் தாத்தாவின் அவை, படித்துக் காட்டும் குரலை மாளிகையும் பள்ளியும் எட்டாத வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. நாற்பதுகளில் ‘சுவாதீனதா’ நாளேட்டின் இளையோர் பகுதியான ‘கிசோர் சபா’வைச் சுகாந்த பட்டாச்சாரியர் பார்த்துவந்தார். பிறர் எழுத்தைத் தேர்ந்து வெளியிட்ட அவரே இருபது வயது நிரம்பாதவர். வறுமையும் காசநோயும் உடையவர். 1947 மே மாதத்தில், நாடு விடுதலை பெறுவதற்கு மூன்று திங்கள் முன்பு, இருபத்தோராம் வயதை எட்டாமலே மறைந்தார். இளையோர் எழுத்தைக் கேட்பதற்கு மாளிகை வேண்டும் என்று எண்ணுவோர்க்கு இவர் ஒருவரே விடை.

தமிழகத்திலும் இதே காலத்தில், 1950-ல், அழ. வள்ளியப்பா முதலியோர் முயற்சியால் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைந்தது. அது தனியே பேசத்தக்க பெரிய பொருள்.

லீலா மஜூம்தாராக நாடறிந்தவர், 1931-ல் ரவீந்திரர் அழைக்கச் சாந்திநிகேதனத்தில் ஓராண்டளவு ஆசிரியராக இருந்தார். பின்பு ஐம்பதுகளின் நடுவிலிருந்து ஏழாண்டளவில் அகில இந்திய வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராகப் பணி செய்தார். பாட்டி ஒருத்தி வளரும் பேத்திக்கு எழுதும் கடிதங்களாக அவர் வானொலிக்கு எழுதியவை ‘மணிமாலா’ என்னும் நூலாயின. 1961-ல் சுகுமாரின் மகன் சத்தியஜித் ராய், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயருடன் கூடிச் ‘சந்தேஷ்’ இதழை மீண்டும் தொடங்கினார். பேராசிரியர் சோங்கு, துப்பறியும் பெலுதா ஆகியோர் பிறந்தது அங்கேதான். பெரியோர் கதைகள் வந்த அதே தாள்களில் இளம் வாசகரின் எழுத்திற்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. ‘ஹாத் பாகாபார் ஆசர்’ என்பது அதன் பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால், கை பழுப்பதற்கான அவை. கைதேர்ந்தவர் என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தேர்ச்சிக்கு முந்திய பயிற்சியையே அவர்கள் காய் பழுப்பதாகக் கண்டு பெயரிட்டனர்.

1963-ல் லீலா மஜூம்தார் அவ்விதழின் ஆசிரியர் குழுவில் சத்தியஜித்துடன் சேர்ந்தார். பதினான்கு வயதில் தம் கதையைக் கொடுத்த இதழில், ஐம்பத்தைந்தாம் வயதில், ஊர்தோறும் இருந்து பிள்ளைகள் எழுதி அனுப்பியவற்றைப் பிரித்துப் படிக்கும் இடத்தில் அமர்ந்தார். 1994 வரை அப்பணியில் இருந்தார்.